1220 பேரில் 660 பேர்

போன செமஸ்டரில் மத்திய மலைநாட்டின் சுகாதார வரலாறு பற்றி ஒரு ஒப்படை செய்யவேண்டி வந்தது. அதுக்காகத் தேடிக்கொண்டு போகும்போது தற்செயலாக ஒரு பழைய ஆய்வுக் கட்டுரை கண்ணில் பட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் சஞ்சிகையில் 1984இல் வந்தது. பேராதனையைச் சேர்ந்த பல்மருத்துவர் சமன் வர்ணகுலசூரியவும் அவரோடு சேர்ந்தவர்களும் எழுதியது. விசயம் இதுதான்: வாய்ப் புற்றுநோயை நேரத்தோடு கண்டுபிடிக்கிற வேலையை, பல்வைத்தியர் இல்லாத ஊர்களில, சாதாரண சுகாதாரப் பணியாளர்களிடம் கொடுக்கலாமா?

மத்திய மாகாணத்தில் 34 பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். 52 கிழமைகளில் அவர்கள் 20 வயதும் அதற்கு மேலும் உள்ள 28,295 பேரின் வாயைத் திறந்து பார்த்தார்கள். 1220 பேரின் வாயில் சந்தேகப்படும்படி ஏதோ ஒன்று இருந்தது. அவர்களைப் பெரிய இடத்தில் காட்டச் சொல்லி அனுப்பினார்கள். வந்து காட்டியது 660 பேர்.

ஒப்படைக்கு நான் கடைசியில் வேறு தலைப்பை எடுத்திட்டன். ஆனால் இந்த இரண்டு எண்ணும் மனசை விட்டுப் போகேல்ல. மற்ற 560 பேர் ஏன் வரேல்ல? இந்தக் கேள்வியைப் பிடிச்சுக்கொண்டு பின்னுக்குப் போனால் சென்னை, நெய்யூர், திருவனந்தபுரம், யாழ்ப்பாணத்துப் புகையிலைத் தோட்டம் எண்டு ஒரு நீண்ட கதை வருது. அதைத்தான் இங்க சொல்லப்போறன்.

கண்ணுக்குத் தெரியிற புற்றுநோய்

முதலில ஒரு அடிப்படை விசயம். உடம்புக்குள்ள வாற பெரும்பாலான புற்றுநோய்களைப் பார்க்க இயந்திரம் வேணும். ஈரலில், கணையத்தில், நுரையீரலில் என்ன நடக்குது எண்டு வெறும் கண்ணால் பார்க்க முடியாது. வாய் அப்படியில்லை. ஆவெண்டு திறந்தால் தெரியும். ஒரு ரோச் லைற், ஒரு சின்னக் கண்ணாடி, கன்னத்தை ஒதுக்கிப் பிடிக்க இரண்டு விரல். இவ்வளவும் போதும்.

அதைவிட முக்கியம், வாய்ப் புற்றுநோய் பெரும்பாலும் சொல்லாமல் கொள்ளாமல் வாறதில்லை. பல பேருக்கு அது வர முன்னமே வாயின் உட்தோலில் மாற்றங்கள் தெரியும். வழிச்சுத் துடைச்சாலும் போகாத வெள்ளைப் படலம் ஒன்று. வெல்வெற் துணி மாதிரிச் சிவந்த திட்டு இன்னொன்று. இது அரிது, ஆனால் வெள்ளையைவிட ஆபத்தானது. மூன்றாவது, கன்னத்தின் உட்பக்கம் இறுகி, நார் நாராகி, வாய் திறக்கிற அளவு வருடத்துக்கு வருடம் குறைஞ்சுகொண்டு போறது. இந்த மூன்றாவது நிலையில் உறைப்புப் பட்டாலே வாய் எரியும். இவை எல்லாம் புற்றுநோய் இல்லை. எல்லாம் புற்றுநோயாக மாறுவதும் இல்லை. ஆனால் எது மாறும், எது மாறாது எண்டு முன்கூட்டியே சொல்ல முடியாதபடியால் எல்லாத்தையும் கவனிக்கவேணும்.

சின்னதாக இருக்கும்போது பிடிச்சால் பெரும்பாலானவர்களைக் காப்பாற்றலாம். கழுத்தில் நெறி கட்டின பிறகு வந்தால் நிலைமை தலைகீழ். தாடையில் பாதியை எடுத்தாலும் நம்பிக்கை குறைவு. இலங்கையில் ஆண்களுக்கு அதிகமாக வாற புற்றுநோய்களில் வாய்ப் புற்றுநோய் முன்னணியில் நிற்குது. திறந்து பார்த்தால் தெரியிற ஒரு நோய், பார்க்கக்கூடிய ஒரு இடத்தில, இவ்வளவு பேரைக் கொல்லுது. இந்த முரண்தான் இந்த வரலாற்றின் மையம்.

நெய்யூரில் தெரிந்தது

வெற்றிலை போடுறவர்களுக்கு வாயில் புற்று வருது எண்டு வைத்தியர்கள் எழுதத் தொடங்கி நூறு வருசத்துக்கு மேலாச்சு. 1902இல் சென்னையில் வேலை செய்த நிப்ளொக் என்ற வைத்தியர், இந்தியாவில் புற்றுநோய் பற்றி எழுதிய கட்டுரையில் இதைக் குறிப்பிட்டார். 1933இல் லான்செற் சஞ்சிகையில் ஐ. எம். ஓர் என்ற இன்னொருவர், திருவிதாங்கூரில் வெற்றிலை போடுபவர்களின் வாய்ப் புற்றுநோய் பற்றி விரிவாக எழுதினார்.

அவர் வேலை செய்த இடம் நெய்யூர். லண்டன் மிஷனரிச் சங்கத்தின் வைத்தியசாலை அங்கே இருந்தது. எவரெஸ்ட்டில் ஏற 1922இலும் 1924இலும் போன குழுக்களில் இருந்த ஹொவார்ட் சமர்வெல் என்ற சத்திரசிகிச்சை நிபுணரும் நெய்யூரில்தான் பல வருடம் வேலை செய்தார். அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்குள் இருந்த அந்த ஊர், 1956இல் எல்லை பிரிச்சபோது கன்னியாகுமரி மாவட்டத்தோடு சேர்ந்து தமிழ்ப் பக்கம் வந்தது. அங்கே வந்து வாயைத் திறந்து காட்டின நோயாளிகளில் கனபேர் தமிழர்.

அந்தக் காலத்து வைத்தியர்கள் கவனிச்ச ஒரு விசயம் இண்டைக்கும் பாடப்புத்தகங்களில் இருக்கு. வெற்றிலையை மென்று, உருண்டையாக்கி, கன்னத்துக்கும் முரசுக்கும் இடையில் அடக்கி வைக்கிற பழக்கம் எங்கட ஆக்களுக்கு உண்டு. புற்று வாறதும் பெரும்பாலும் அதே இடத்தில்தான். ஐரோப்பாவில் நாக்கிலும் உதட்டிலும் அதிகம் கண்ட நோயை, இங்கே கன்னத்தின் உட்புறத்தில் கண்டார்கள்.

இந்தக் கதையில் யாழ்ப்பாணம் வாற இடமும் இதுதான். ஒல்லாந்தர் காலத்தில் இருந்தே யாழ்ப்பாணப் புகையிலைக்குப் பெரிய சந்தை திருவிதாங்கூர். புகைக்கிற புகையிலை இல்லை, சப்புகிற புகையிலை. எங்கட ஊரில் அதுக்குப் பெயரே 'மலையாளப் புகையிலை'. அதை விற்கிறதுக்கெண்டே யாழ்ப்பாணத்தில் ஒரு கூட்டுறவுச் சங்கம் இருந்தது. வடமராட்சியிலும் வலிகாமத்திலும் எத்தனையோ கல்வீடுகள் புகையிலைக் காசில் எழும்பினவை. எத்தனையோ பேர் அந்தக் காசில் படிச்சார்கள்.

திருவிதாங்கூரில் ஒருவருக்கு வந்த புற்றுக்கு இன்ன தோட்டத்துப் புகையிலைதான் காரணம் எண்டு யாரும் சொல்ல முடியாது. அங்கே வேறு இடங்களில் இருந்தும் புகையிலை வந்தது. ஆனால் எங்கட பொருளாதார வரலாற்றை நாங்கள் படிக்கும்போது, புகையிலை யாழ்ப்பாணத் துறைமுகங்களில் தோணி ஏறுவதோடு கதை முடிஞ்சிடுது. அது கரை இறங்கிய பிறகு யாருடைய வாய்க்குள் போனது, அந்த வாய்க்கு என்ன நடந்தது எண்ட பக்கத்தையும் சேர்த்துப் படிக்கிறதுதான் நேர்மை.

'நான் போயிலை போடுறேல்ல'

வெற்றிலை போடுகிற எங்கட பெரியாக்களிடம் கேட்டுப் பாருங்கோ. "நான் வெறும் வெத்திலையும் பாக்கும்தான், போயிலை போடுறேல்ல, எனக்கு ஒண்டும் செய்யாது" எண்டு ஒரு பதில் வரும். இந்தப் பதிலுக்கும் ஒரு வரலாறு இருக்கு.

கன நாளாக வைத்தியர்களும் அப்படித்தான் நினைச்சார்கள். குற்றவாளி புகையிலை, பாக்கு சும்மா கூட வாற ஆள். 1953இல் இந்தியாவில் ஜோஷி என்ற வைத்தியர், வாய் இறுகிப்போகிற அந்த நிலையை விவரிச்சு எழுதினார். டென்மார்க்கைச் சேர்ந்த ஜென்ஸ் பின்ட்போர்க், இந்தியாவில் ஃபாலி மேத்தா போன்றவர்களோடு சேர்ந்து, இதைப் பெரிய அளவில் ஆராயத் தொடங்கினார். 1969இல் அவர்கள் வெளியிட்ட ஒரு ஆய்வு 50,915 கிராமத்தவர்களின் வாயைப் பார்த்தது. வைத்தியசாலைக்கு வாறவர்களை எண்ணாமல், ஊருக்குள் போய் வீட்டில் இருக்கிறவர்களை எண்ணினது அந்த ஆய்வின் பெரிய மாற்றம்.

1985இல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவர் நிலையம், புகையிலை சேர்ந்த வெற்றிலை மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் எண்டு முடிவு செய்தது. புகையிலை இல்லாத வெற்றிலை பற்றிச் சொல்ல அப்போது போதிய ஆதாரம் இல்லை எண்டார்கள். 2004இல் வெளியான அடுத்த தொகுப்பில் அந்த நிலைப்பாடு மாறியது. புகையிலை இல்லாத வெற்றிலைக் கூட்டும் புற்றுநோயை உண்டாக்கும். பாக்கு மட்டும் தனியாகவும் உண்டாக்கும். இரண்டும் சிகரெட் இருக்கிற அதே முதலாவது பட்டியலில்.

பாக்கில் உள்ள அரிகோலின் முதலிய பொருட்கள் வாயின் உட்தோலுக்குக் கீழே நார்ப்பொருளை அளவுக்கு மிஞ்சிச் சேரப் பண்ணும். சுண்ணாம்பு வாய்க்குள் காரத்தன்மையைக் கூட்டி, பாக்கில் இருந்து கலங்களைத் தாக்குகிற பொருட்கள் உருவாக வழி செய்யும். புகையிலை தன் பங்குக்கு வேறு நஞ்சுகளைச் சேர்க்கும். மூன்றும் ஒன்றையொன்று பலப்படுத்தும். ஆக, அம்மம்மாமாரின் 'போயிலை போடுறேல்ல' எண்ட பதில் 1985இல் அறிவியல் நின்ற இடத்தில் நிற்குது. அறிவியல் அங்கிருந்து நகர்ந்து இருபது வருடத்துக்கு மேலாச்சு. அந்தச் செய்தி வெற்றிலைத் தட்டம் வரைக்கும் போய்ச் சேரேல்ல. 2016இல் சப்புகிற புகையிலைப் பொருட்களை இலங்கை தடை செய்தபோதும், வீட்டு முற்றத்தில் நிற்கிற கமுக மரத்தைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை.

யார் பார்ப்பது?

இப்ப திரும்ப 1984க்கு வருவம். காரணம் ஓரளவுக்குத் தெரியும். அடையாளங்கள் கண்ணுக்குத் தெரியும். அப்ப பிரச்சினை என்ன? பார்க்க ஆள் இல்லை. பல்வைத்தியர்கள் நகரங்களில் இருந்தார்கள். கிராமத்தில் பல்லுக் குத்து தாங்கேலாமல் போனால் மட்டும்தான் சனம் பல்வைத்தியரிடம் போகும். தொடக்கத்தில் வாய்ப் புற்று நோகாது. நோகாத ஒன்றுக்கு ஏன் போகவேணும்?

இலங்கையிடம் இதுக்கு ஒரு விடை ஏற்கெனவே இருந்தது. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்ட காலத்தில் இருந்து, வீடு வீடாகப் போகிற ஒரு சுகாதாரக் கட்டமைப்பு இந்த நாட்டில் வளர்ந்து வந்தது. கர்ப்பிணிகளைப் பதிஞ்சு, குழந்தைகளை நிறுத்துப் பார்த்து, ஊசி போடச் சொல்லி நினைவுபடுத்துகிற மிட்வைஃப் அக்காவை எங்களில் யாருக்குத்தான் தெரியாது? தாய் சேய் மரணத்தை இவ்வளவு தூரம் குறைச்சதில் அவர்களுக்குப் பெரிய பங்கு இருக்கு. பேராதனை ஆய்வாளர்கள் கேட்ட கேள்வி எளிமையானது: வீட்டுக்குப் போகிற இந்த ஆக்கள் வாயையும் ஒருக்கால் பார்த்தால் என்ன?

பார்த்தார்கள். நான் மேலே சொன்ன எண்கள் அப்படித்தான் வந்தவை. வந்து காட்டிய 660 பேரையும் நிபுணர்கள் திரும்பப் பரிசோதிச்சபோது, 89 வீதமானவர்களில் பணியாளர்கள் சொன்னது சரியாக இருந்தது. பல்மருத்துவம் படிக்காத ஒருவர், கொஞ்சநாள் பயிற்சியோடு, பத்தில் கிட்டத்தட்ட ஒன்பது தடவை சரியாகச் சொன்னார். இது சின்ன விசயமில்லை. இந்த முறையை அதற்குப் பிறகு இன்னும் பெரிதாகச் செய்து பார்த்து, 1991இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அந்த முறை 57,124 பேரைப் பார்த்தார்கள். 3559 பேரை அனுப்பினார்கள். வந்தவர்கள் 2193 பேர்.

கணக்குப் பாருங்கோ. முதல் தடவை வந்தவர்கள் 54 வீதம். இரண்டாம் தடவை 62 வீதம். பார்க்கிற பிரச்சினையைத் தீர்த்தாச்சு. வாற பிரச்சினை அப்படியே இருந்தது.

வராதவர்கள்

வராத 560 பேரின் குரல் அந்தக் கட்டுரையில் இல்லை. அவர்கள் ஒரு கழித்தல் கணக்கின் விடையாக மட்டும் இருக்கிறார்கள். அதனால் இனி நான் சொல்லுறது என்னுடைய ஊகம். ஆனால் அந்தப் பக்கத்து வாழ்க்கையைக் கொஞ்சம் தெரிஞ்ச யாருக்கும் இந்த ஊகம் கஷ்டமில்லை.

இலவச வைத்தியம் எண்டது எங்கட நாட்டின் பெருமை. ஆனால் வைத்தியசாலை வாசலுக்குப் போகும் வரைக்கும் ஒன்றும் இலவசமில்லை. பஸ் காசு வேணும். கூட வர ஒரு ஆள் வேணும். கூலி வேலை செய்கிறவருக்கு ஒரு நாள் போனால் அந்த நாள் சம்பளம் இல்லை. அதுவும் என்ன நோய்க்கு? நோகாத, சாப்பிட இடைஞ்சல் இல்லாத, கன்னத்துக்குள் இருக்கிற ஒரு வெள்ளைத் திட்டுக்கு. அதோடு 'புற்றுநோய்' எண்ட சொல். தெரியாமல் இருக்கிறது நல்லது எண்டு நினைக்க வைக்கிற சொல் அது.

1984 ஆய்வு கிராமத்தவர்களிடம் செய்யப்பட்டது. அதே மாகாணத்தின் தோட்டங்களை யோசிச்சுப் பாருங்கோ. 1948 பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்கள் ஆக்கப்பட்டவர்களில் பலர் 1984இலும் அப்படியே இருந்தார்கள். தோட்டத்து வைத்தியம் கன காலமாகத் தோட்ட நிர்வாகத்தின் கையில் இருந்தது. ஊருக்குள் வருகிற அரசாங்கத்து மிட்வைஃப் லயத்துக்கு வாறதுக்கு நெடுங்காலம் எடுத்தது. கொழுந்து நிறை குறைஞ்சால் 'அரைப்பேர்', போகாவிட்டால் பேரே இல்லை. மலையில் குளிருக்கும் பசிக்கும் வாயில் வெற்றிலையை அடக்கிக்கொண்டு நிற்கிறது அங்கே பழக்கம் மட்டுமில்லை, வேலை செய்கிற முறையின் ஒரு பகுதி. பின்னாளில், 2007இல், மத்திய பகுதித் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வாய்களைப் பார்த்துப் பேராதனை ஆய்வாளர்கள் தனியாகவே ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். இந்த மக்களைத் தனியாகப் பார்க்கவேண்டிய தேவை இருந்தது எண்டதை அதுவே சொல்லுது.

திருவனந்தபுரத்தில் கிடைத்த விடை

ஒரு கேள்வி இன்னும் மிச்சம் இருந்தது. நேரத்தோடு கண்டுபிடிச்சால் உண்மையிலேயே சாவு குறையுதா? நல்லா இருக்கும் எண்டு நினைக்கிறது வேறு, நிரூபிக்கிறது வேறு.

1996இல் திருவனந்தபுரத்தைச் சுற்றியுள்ள 13 பஞ்சாயத்துகளில் இதுக்கு விடை தேடத் தொடங்கினார்கள். சங்கரநாராயணன் தலைமையிலான குழு, 35 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களை இரண்டு பிரிவாகப் பிரிச்சது. ஏழு பஞ்சாயத்துகளில் சுகாதாரப் பணியாளர்கள் வீட்டுக்குப் போய் வாயைப் பார்த்தார்கள். ஆறில் வழமையான வைத்தியம் மட்டும். முடிவுகள் 2005இல் லான்செற்றில் வந்தன. ஓர் 1933இல் எழுதிய அதே சஞ்சிகை, கிட்டத்தட்ட அதே மண்.

வாயைப் பார்த்த பக்கத்தில் 96,517 பேர், பார்க்காத பக்கத்தில் 95,356 பேர். பார்த்த பக்கத்தில் 77 பேர் வாய்ப் புற்றுநோயால் இறந்திருந்தார்கள், மற்றப் பக்கத்தில் 87 பேர். எல்லாரையும் சேர்த்துக் கணக்கிட்டால் இந்த வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம் எண்டு புள்ளிவிபரம் சொன்னது. இதை மறைக்கக்கூடாது. ஆனால் புகையிலையோ மதுவோ பாவிக்கிறவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தால் படம் தெளிவாக இருந்தது. அவர்களுக்குள் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைஞ்சிருந்தது. அதாவது எல்லாருடைய வாயையும் பார்த்துக்கொண்டு திரியத் தேவையில்லை. பழக்கம் உள்ளவர்களின் வாயைத் திரும்பத் திரும்பப் பார்த்தால் உயிர்கள் மிஞ்சும்.

அந்த ஆய்விலும் ஒரு எண் ஒளிஞ்சிருக்கு. சந்தேகம் எண்டு அனுப்பப்பட்டவர்கள் 5145 பேர். போய்க் காட்டினவர்கள் 3218 பேர். 63 வீதம். மாகாணம் வேறு, நாடு வேறு, இடையில் எத்தனையோ வருடம். 54, 62, 63. மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவர்கள் ஒவ்வொரு முறையும் பாதி வழியிலேயே காணாமல் போனார்கள். அப்படி இருந்தும் சாவு குறைஞ்சது எண்டால், அவர்களும் வந்திருந்தால்?

நீல நிறமும் நீல வெளிச்சமும்

இந்த இடைக்காலத்தில் கருவிகள் சும்மா இருக்கேல்ல. 1960களில் இருந்தே தொலுவிடின் நீலம் எண்ட சாயத்தைப் பூசிப் பார்க்கிற முறை இருக்கு. வேகமாகப் பிரிகிற கலங்கள் அந்த நீலத்தை அதிகமாகப் பிடிச்சு வைச்சிருக்கும். 2000களில் நீல வெளிச்சம் அடிக்கிற கைக்கருவிகள் வந்தன. அந்த வெளிச்சத்தில் நல்ல தோல் பச்சையாக ஒளிரும், மாறின இடம் கறுப்பாகத் தெரியும். பார்க்க அழகாக இருக்கும். பிரச்சினை என்னவெண்டால், சாதாரண புண்ணும் வீக்கமும்கூடக் கறுப்பாகத்தான் தெரியும். வெற்றிலை போட்டுப் போட்டுப் புண்ணான வாயில் எதைப் பார்த்து எதைச் சொல்லுறது? 2017இல் அமெரிக்கப் பல்மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டல், சந்தேகமான ஒரு இடத்தைக் கண்டால் இப்படியான கருவிகளை நம்பி முடிவெடுக்காமல், ஒரு துண்டு எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்க்கச் சொன்னது. அதாவது நெய்யூர்க் காலத்தில் இருந்து இருக்கிற அதே வழி.

இப்ப போன் வந்திருக்கு. பெங்களூர்ப் பக்கத்தில் சுகாதாரப் பணியாளர்கள் போனில் வாயைப் படமெடுத்து அனுப்ப, தூரத்தில் இருக்கிற நிபுணர் பார்த்துச் சொல்லுற முறையைச் செய்து பார்த்தார்கள். பேராதனையில் வாய்ப் படங்களைச் சேர்த்து, கணினிக்கு அடையாளம் காணப் பழக்குகிற வேலை நடக்குது. இதை நான் குறைச்சுச் சொல்லேல்ல. படம் போகிறபடியால் ஆள் போகத் தேவையில்லாத ஒரு படி மிச்சமாகுது. சந்தேகமே இல்லாதவர்களை வீணாக அலைக்கழிக்காமல் விடலாம். அந்த 560 பேருக்கு முன்னால் கிடந்த பஸ் பயணத்தில் ஒன்றையாவது இது குறைக்கும்.

ஆனால் கடைசிப் பயணத்தை எந்தப் போனும் குறைக்காது. துண்டு எடுக்கவும், வெட்டவும், கதிர்வீச்சு கொடுக்கவும் உடம்போடுதான் போகவேணும். கருவி எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக இருந்தாலும், அது கண்டுபிடிச்சதைக் கையில் எடுத்துக்கொண்டு ஒரு மனுசர் ஒரு நாள் சம்பளத்தை விட்டிட்டு வெளிக்கிடவேணும். 1984இல் 34 பணியாளர்களின் கண்ணே 89 வீதம் சரியாக இருந்தது. குறை அந்தக் கண்ணில் இல்லை. கண்ணுக்கும் கட்டிலுக்கும் இடையில் இருந்த தூரத்தில்தான் இருந்தது.

தூரம் குறையிறது எப்படி எண்டதுக்கு வடக்கிலேயே ஒரு உதாரணம் இருக்கு. கன காலம் வடக்கில் புற்றுநோய் வந்தவர்கள் மகரகமவுக்குப் போய்க் கிடக்கவேண்டி இருந்தது. யுத்த காலத்தில் அந்தப் பயணம் எப்படியிருந்திருக்கும் எண்டு எங்கட வீட்டுப் பெரியாக்களைக் கேட்டால் சொல்லுவினம். 2011இல் தெற்கே தெய்வேந்திரமுனையில் இருந்து பருத்தித்துறை வரைக்கும் நடந்து காசு சேர்த்தார்கள். அந்தக் காசில் தெல்லிப்பழையில் கட்டின புற்றுநோய் வைத்தியசாலை 2013இல் திறக்கப்பட்டது. அது ஒரு புதிய கருவியைக் கண்டுபிடிக்கேல்ல. கட்டிலைக் கிட்டக் கொண்டுவந்தது.

என்னுடைய வயதுக்காரர் இதில் என்ன செய்யலாம் எண்டு யோசிச்சன். பெரிசாக ஒண்டுமில்லை. எங்கட வீட்டில் வெற்றிலை போடுகிற ஒரு ஆள் இருப்பார். அவரைத் தினமும் பார்க்கிறம், வாய்க்குள் ஒருநாளும் பார்த்ததில்லை. போன் வெளிச்சத்தில் ஒருக்கால் பாருங்கோ. கன்னத்தின் உட்பக்கம், நாக்கின் இரண்டு ஓரம், நாக்குக்குக் கீழே. வழிச்சும் போகாத வெள்ளை, சிவந்த திட்டு, இரண்டு மூன்று கிழமையாகியும் ஆறாத புண், மூன்று விரலை நிமிர்த்தி வைக்க முடியாத அளவுக்கு ஒடுங்கின வாய். இதில் எதைக் கண்டாலும் பல்வைத்தியரிடம் காட்டவேணும்.

ஆனால் "போய்க் காட்டுங்கோ" எண்டு சொல்லிவிட்டு வந்திடாதேங்கோ. 1220 பேருக்கும் அதைத்தான் சொன்னவர்கள். கிளினிக் நாள் என்ன எண்டு கேட்டு வைச்சு, அண்டைக்குக் காலையில் அவரோடு சேர்ந்து பஸ் ஏறுங்கோ.